பெரியவரோடு விளையாடியவள்

மா ஓன்மே சைமரோ ஊர்க்காரி. அவள் அப்பா படகுகளுக்குக் கீல் பூசுகிறவர். அவருக்கு ஐந்து பெண்கள். மூத்தவள் தட்டோனில் வாழ்க்கைப்பட்டாள், இரண்டாமவள் தலையை மழித்துக்கொண்டு மடத்துக்குப் போனாள், மூன்றாமவள் முதல் பிரசவத்திலேயே போய்ச் சேர்ந்தாள், கடைசிப் பெண் இப்போது தாய்லாந்தில் மீன் தொழிற்சாலையில் இருக்கிறாள். நாலாவது ஓன்மே. அவளை எங்கள் பீலூ தீவுக்குக் கட்டிக்கொண்டு வந்தவன் லுன்பே. மோல்மீனுக்குப் பாலம் போடாத காலம் அது. பெண்ணும் படகில் வந்தாள், அவளுடைய பெட்டியும் பாயும் படகில் வந்தன.

வந்து இறங்கிய அன்றைக்கே எங்களைச் சிரிக்க வைத்துவிட்டாள். படகில் சீட்டுக் கிழிக்கிறவன் மூக்கை உறிஞ்சிக்கொண்டே எப்படி ஆள் எண்ணுவான் என்று செய்து காட்டினாள். எங்கள் ஊர் மடத்துக் கணக்கப்பிள்ளை நடக்கிற நடையை இரண்டாம் நாளே பிடித்துக்கொண்டாள். யாரைப் பார்த்தாலும் அவளுக்கு அந்த ஆளின் கழுத்தும் கையும் தானாக வந்துவிடும். அதிகம் சிரித்தது அவளுடைய ஓரகத்தி டோ சோயின். "போதும்டி, வயிறு வலிக்குது" என்று தூணைப் பிடித்துக்கொண்டு நிற்பாள்.

சோயின் எனக்குச் சின்னம்மா மகள். அதனால் அந்த வீட்டு விஷயம் எதையும் நான் அடுத்தவர் வாயால் கேட்டுச் சொல்லவில்லை. அவள் புருஷன் ஊ லாபோ, லுன்பேக்கு அண்ணன், பதினான்கு வயசு மூப்பு. ரப்பர் பேண்டு பட்டறை அவருடையது. ரப்பர் பாலில் சாயம் கலந்து, மரக்குச்சிகளைக் கட்டாக அதில் முக்கி எடுத்து, வெயிலில் காய வைப்பார்கள். காய்ந்ததும் குழாய் குழாயாக உரித்து, கையால் சுற்றுகிற மெஷினில் கொடுத்து வளையம் வளையமாக வெட்டுவார்கள். உரிப்பது ஓன்மே, வெட்டுவது சோயின். அண்ணன் குடும்பம் பெரிய வீட்டில். தம்பி குடும்பம் அதே வளவில், பட்டறையை ஒட்டின இரண்டு அறைகளில். நடுவே மூங்கில் தட்டிதான் சுவர். அண்ணனுக்குக் குழந்தை இல்லை.

லாபோவுக்கு ஐம்பத்தெட்டு வயசில் பக்கவாதம் வந்தது. வாய் கோணிப் பேச்சு போயிற்று, வலது கை போயிற்று. மூன்று வருஷம் பட்டறைத் தரையில் உட்கார்ந்து, இடது கையால் வளையங்களை நிறம் நிறமாகப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தார். சோயின் ஊட்டினாள், துடைத்தாள், புரட்டிப் படுக்க வைத்தாள். ஒரு மாசி மாதம் அவர் கண் மூடினார். குளிப்பாட்டும்போது இடது கணுக்காலில் அடுப்புக்கரியைத் தொட்டு வைத்தது நான்தான். போகிறவர் அதே குடும்பத்தில் திரும்பி வந்து பிறந்தால் அடையாளம் தெரிய வேண்டும் என்று வைப்பது. அப்படி வருகிறவரை எங்களில் வின்சா என்பார்கள்.

பத்து மாதமும் சில நாளும் கழித்து ஓன்மேக்குப் பெண் பிறந்தது. யமின் என்று பெயர். இடது கெண்டைக்காலில் புளியங்கொட்டை அளவில் ஒரு கரு மச்சம்.

"கணுக்கால்லதானே வச்சோம், ஒரு சாண் மேல இருக்கே" என்றேன் நான்.

"வர்ற வழியில ஏறியிருக்கும்" என்றாள் சோயின். கண்ணில் தண்ணீர் நிற்காமல் வழிந்தது.

அன்றைக்கு ஆரம்பித்ததுதான். முதல் கவளம் யமினுக்கு. அவள் உட்கார்ந்திருந்தால் மற்றவர்கள் குனிந்து கடந்து போக வேண்டும். விரத நாளில் சோயின் அவள் முன்னால் மண்டியிட்டு மூன்று தடவை கும்பிடுவாள். லுன்பேயின் அக்கா பிள்ளைகள், மீசை முளைத்த பயல்கள், அவர்களும் வந்து விழுந்து எழுந்திருப்பார்கள். குழந்தைக்கு ஒன்றரை வயசு ஆகும்போது ஓன்மே எனக்குக் கேட்கிற மாதிரி முணுமுணுத்தாள்: "அக்கா, நான் பெத்த பிள்ளையை நான் கொஞ்சினா, மூத்த மச்சானைக் கொஞ்சுறேன்னு திட்டு விழுது. என்ன பண்றது, சொல்லு."

சிரிப்புக்குச் சொன்னது போலத்தான் இருந்தது. ஆனால் அதுதான் உண்மையாகவே நடந்தது. வீட்டுப் பெரியவரின் தலையை யார் தொடுவார்கள்? யார் அக்குளில் கிச்சுக்கிச்சு மூட்டுவார்கள்? கையில் இருப்பதை யார் பிடுங்கி ஓடுவார்கள்? அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் வந்தால் சோயின் வாசலிலேயே நிறுத்திவிடுவாள். அந்தப் பிள்ளையோடு ஒருவரும் விளையாடவில்லை. அதுவும் யாரையும் தேடவில்லை.

இரண்டு வயசு முடிந்தும் பேச்சு வரவில்லை. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புவதில்லை. வளையங்களை எடுத்துக்கொண்டு உட்காரும். தரைப் பலகைகளுக்கு நடுவே இருக்கிற இடுக்கின் மேல் ஒவ்வொன்றாக வைக்கும். நாலு சிவப்பு, நாலு மஞ்சள், நாலு பச்சை, நாலு நீலம், மறுபடி சிவப்பு. ஒன்றை ஒன்று தொட்டுக்கொண்டு நிற்க வேண்டும். சுவர் வரைக்கும் போனதும் கன்னத்தைத் தரையில் வைத்துப் படுத்து, ஒரு கண்ணை மூடி, அந்த வரிசையை நீளப் பார்க்கும். விரல்களைக் கண்ணுக்குப் பக்கத்தில் படபடவென்று ஆட்டும். பிறகு எல்லாவற்றையும் அள்ளிவிட்டு முதலிலிருந்து. வளையம் எட்டாத உயரத்தில் இருந்தால், பக்கத்தில் நிற்கிறவர் யாராயிருந்தாலும் மணிக்கட்டைப் பிடித்து அங்கே கொண்டுபோய் வைக்கும். அதற்கு ஆள் வேண்டாம், கை போதும். ஒரு வளையம் நகர்ந்துவிட்டால் போடுகிற கூச்சல் படகுத்துறை வரை கேட்கும்.

"அவர் வேலை இன்னும் முடியலை" என்பாள் சோயின். "அவர் எப்படிப் பிரிச்சாரோ அப்படியேதான் பிரிக்கிறார். முடிச்சிட்டு, தானா பேசுவார்."

வெறும் சோறும் அவித்த பட்டாணியும் தவிர யமின் எதையும் வாயில் வைக்க மாட்டாள். அதுவும் அவர் வழக்கம்தான் என்றாள் சோயின். கடைசியில் அவர் பட்டாணிதான் தின்றார், வாஸ்தவம். பல் இல்லாத மனுஷர் வேறு எதைத் தின்பார்?

எங்களில் இதற்கு ஒரு கைவைத்தியம் உண்டு. கோழி அடைகாத்துப் பொரிக்காமல் போன முட்டையைக் கொடுத்தால் முன்பிறவி மறந்துவிடும் என்பார்கள். மூன்று வயசில் ஓன்மே அந்தக் கூமுட்டையை அவித்து, சோற்றில் பிசைந்து கொடுத்துப் பார்த்தாள். யமின் மோந்து பார்த்துத் தட்டையே தள்ளிவிட்டாள். ஓட்டைக் குப்பையில் பார்த்துவிட்ட சோயின், "எம் புருஷனை விரட்டப் பாக்குறியா?" என்று ஒரு வாரம் பேசவில்லை. ஓரகத்திகளுக்குள் சிரிப்பு நின்றுபோனது அதிலிருந்துதான்.

நாலு வயசு ஆனபோது ஓன்மே யாரிடமும் சொல்லாமல், பிறந்த வீட்டுக்குப் போகிறேன் என்று படகு ஏறி, மோல்மீனில் ஒரு குழந்தை டாக்டரம்மாவிடம் பெண்ணைக் கொண்டுபோய்க் காட்டினாள். திரும்பி வந்து என்னிடம் சொல்லும்போது டாக்டரம்மாவின் குரலும் கண்ணாடியைத் தூக்கி விடுகிற விதமும் அப்படியே வந்தது.

"என்னம்மா விளையாடுவா?"

"வளையம் அடுக்குவா."

"கூட யாரு விளையாடுவாங்க?"

"யாரும் விளையாடக் கூடாது, டாக்டரம்மா. அவ எங்க வீட்டுப் பெரியவர்."

டாக்டரம்மா எழுதுகிறதை நிறுத்தினாளாம். அவளும் எங்கள் பக்கத்துக்காரிதான், மொத்தமும் விளக்க வேண்டியிருக்கவில்லை. மச்சத்தைப் பார்த்தாள். பெண் முன்னால் ஒரு பொம்மைக் காரை வைத்தாள். யமின் காரைக் கவிழ்த்துப் போட்டு, சக்கரத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு மணி நேரம் அப்படி இப்படிச் சோதித்துவிட்டு, "இதுக்கு ஆட்டிசம்னு பேரு" என்றாளாம். "மூளை வளர்ற விதம் வேற. உன் குத்தமும் இல்ல, யார் செஞ்ச வினையும் இல்ல. இதுக்கு மருந்து கிடையாது. ஆனா நீ செய்யறதுக்கு நிறைய இருக்கு."

"பெரியவர்னு சொல்றாங்களே?"

"எங்க சித்தப்பாவையும் வின்சான்னுதான் சொன்னாங்க. யாரா வேணா இருந்துட்டுப் போகட்டும். இந்தத் தடவை பிள்ளையா வந்திருக்கா இல்ல? பிள்ளைக்கு வேண்டியதைக் குடு. உன் விளையாட்டுக்கு அவளை இழுக்காதே, அவ விளையாட்டுக்குள்ள நீ போ. அவ என்ன பண்றாளோ பக்கத்துல உக்காந்து நீயும் அதையே பண்ணு. கை, விரல், சத்தம் எல்லாம். அவசரப்படாதே. அவ பாக்குறாளான்னு மட்டும் பாரு."

ஓன்மேக்கு இதைவிடச் சுலபமான வேலை உலகத்தில் கிடையாது. அவளுக்கு வந்த தொல்லையும் அதுதான்.

வாஸோ பௌர்ணமிக்கு முந்தின நாள். நல்ல மழை, பட்டறையில் காய வைக்க ஒன்றுமில்லை. யமின் வழக்கம்போல வரிசை கட்டிவிட்டுக் கன்னத்தைத் தரையில் வைத்துப் படுத்தாள். ஓன்மே பக்கத்துப் பலகை இடுக்கில் தானும் ஒரு வரிசை கட்டினாள். தானும் கன்னத்தைத் தரையில் வைத்தாள், ஒரு கண்ணை மூடினாள், விரலைப் படபடவென்று ஆட்டினாள். வாய் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது. தரையில் கன்னம் அழுந்தினால் யாருக்கும் அப்படித்தான் இழுக்கும்.

சோயின் உள்ளே வந்தாள். அவள் கண்ணுக்குத் தெரிந்தது வேறு. மூன்று வருஷம் வாய் கோணிக் கிடந்த புருஷனை, கை நடுங்கின புருஷனை, தம்பி பெண்டாட்டி அவர் முன்னாலேயே செய்து காட்டுகிறாள்.

"ஏண்டி! ஊர்ல எல்லாரையும் பழிச்சு முடிச்சிட்டு, இப்ப அவர்கிட்ட வந்துட்டியா?"

"அக்கா, நான் யாரையும் பழிக்கலை. டாக்டரம்மா சொன்னாங்க."

"வாய் கோணினதைக் கோணிக் காட்டச் சொல்லி டாக்டரே சொன்னாளா? அவ உடம்புல ரத்தம் ஓடுதா, தண்ணி ஓடுதா?"

"இவ உங்க வீட்டுக்காரர் இல்லக்கா. இவ எம் பொண்ணு. எனக்கு இவகூட விளையாடணும். நாலு வருஷமா ஆசையா இருக்கு."

"விளையாடணும்னா இன்னொண்ணு பெத்துக்க. நீயும் உம் புருஷனும் மூட்டையைக் கட்டுங்க. அவர் வரமாட்டார். இது அவர் வீடு, அவர் பட்டறை. அவர் இங்கதான் இருப்பார்."

சத்தம் கேட்டு லுன்பே ஓடி வந்தான். அவன் நல்லவன், ஆனால் அண்ணன் இருந்த காலத்திலும் சரி, இல்லாத காலத்திலும் சரி, அண்ணி முன்னால் நிமிர்ந்து பேசினவன் இல்லை. "அண்ணி, நாளைக்கு வாஸோ" என்றான் மெதுவாக.

அது போதுமாக இருந்தது. வாஸோ பௌர்ணமியிலிருந்து ததின்ஜூட் பௌர்ணமி வரை மூன்று மாதம் பிக்குகள் மடத்தைவிட்டு நகர மாட்டார்கள். குடும்பக்காரர்களும் அந்த மூன்று மாதம் கல்யாணம் செய்ய மாட்டார்கள், வீடு மாற மாட்டார்கள். வெளியே அனுப்பினால் பாவம் சோயின் தலையில்தான் ஏறும்.

"சரி. ததின்ஜூட் பௌர்ணமி வரைக்கும் இருங்க" என்றாள் சோயின். "மறுநாள் காலையில படகு. ரெண்டு டிக்கெட்டு, மூணு இல்ல."

ஊரில் பாதிப் பேர் சோயின் பக்கம். வீட்டுக்காரரை வீட்டிலிருந்து தூக்கிக்கொண்டு போவது எந்த ஊர் நியாயம் என்றார்கள். ஊர்த் தலைவரிடம் லுன்பே போனான். அவர் வெற்றிலையைக் குதப்பிக்கொண்டே, "பிள்ளை உன்னுது, சரி. ஆள் உங்க அண்ணன் ஆச்சே. நான் எதுல கை வைக்கிறது?" என்று கேட்டு அனுப்பிவிட்டார்.

ஆக ஓன்மேக்குக் கிடைத்தது மூன்று மாத மழை. தன் அறையில், தட்டிக்கு இந்தப் பக்கம், தினமும் காலையும் மாலையும் உட்கார்ந்தாள். பெண் வரிசை கட்டினால் தானும் பக்கத்தில் வரிசை கட்டினாள். பெண் அள்ளினால் தானும் அள்ளினாள். பத்து நாள் யமின் அவளைச் சுவரைப் பார்க்கிற அளவுக்குக்கூடப் பார்க்கவில்லை. எனக்கே பொறுமை போய்விட்டது.

"ஏண்டி, ரெண்டு பைத்தியமா உக்காந்திருக்கீங்களே."

"ஒரு பைத்தியம் தனியா இருந்ததைவிட இது தேவலைக்கா" என்றாள்.

பதினோராம் நாள் யமின் வலது காலை நீட்டி, அம்மாவின் வரிசையை ஒரே உதையில் கலைத்தாள். ஓன்மே மழையில் நனைந்துகொண்டே என் வீட்டுக்கு ஓடி வந்தாள். "அக்கா, கலைச்சுட்டா! என்னோடதைக் கலைச்சுட்டா!" எங்கள் வீட்டில் எல்லோரும் ஏதோ கருக் கலைந்துவிட்டது என்று பதறி எழுந்துவிட்டார்கள். அவள் சிரிக்கிறதைப் பார்த்துத்தான் உட்கார்ந்தார்கள்.

அதற்கப்புறம் அவளுக்கு ஒரு யோசனை வந்தது. தன் வரிசையில் வேண்டுமென்றே தப்பான நிறத்தை வைத்தாள். மூன்று சிவப்புக்குப் பிறகு ஒரு நீலம். யமினின் கை தானாக நீண்டு வந்து, நீலத்தை எடுத்துப் போட்டுவிட்டுச் சிவப்பை வைத்தது. "அம்மாடியோ!" என்றாள் ஓன்மே, இரண்டு கையையும் கன்னத்தில் வைத்து, வாயை அகலத் திறந்து. மறுபடி தப்பு, மறுபடி திருத்தம், மறுபடி அதே "அம்மாடியோ." ஒரே சுருதி, ஒரே நீளம். அது கொஞ்சம் மாறினாலும் பெண் முகத்தைத் திருப்பிக்கொள்வாள் என்று ஓன்மே கண்டுபிடித்து வைத்திருந்தாள். அவளை மாதிரிக் குரல் பிடிக்கிறவளால்தான் அதை அறுபது தடவை அப்படியே சொல்ல முடியும்.

ஆவணி கடைசியில், நான் அங்கே இருந்தபோதே நடந்தது. யமின் நீலத்தை எடுத்தாள், சிவப்பை வைத்தாள். ஓன்மே இருமல் வந்து ஒன்றும் சொல்லாமல் இருந்தாள். பெண் காத்திருந்தாள். பிறகு தலையைத் தூக்கி அம்மாவின் வாயைப் பார்த்தாள். அங்கிருந்து கண்ணைப் பார்த்தாள். "அம்மாடியோ!" வந்ததும் சிரித்தாள். பல் தெரியச் சிரித்தாள், சத்தம் போட்டு. அந்தக் குழந்தைக்கு அப்படி ஒரு சிரிப்பு இருக்கிறதென்று அன்றைக்குத்தான் எங்களுக்குத் தெரிந்தது.

தட்டிக்கு அந்தப் பக்கம் வெட்டுகிற மெஷின் நின்றது. வெகுநேரம் மறுபடி ஓடவே இல்லை.

அடுத்த நாளிலிருந்து சோயின் தன் முக்காலியைத் தட்டி ஓரமாகப் போட்டுக்கொண்டாள். வளையம் எண்ணிப் பொட்டலம் கட்டுகிற மாதிரி உட்கார்ந்திருப்பாள். பொட்டலம் ஒன்றும் வளரவில்லை. மூங்கில் இடுக்கில் அவளுடைய கண் தெரியும். ஓன்மே பார்த்தும் பார்க்காதது போல இருந்தாள்.

புரட்டாசியில் ஒரு மத்தியானம் ஓன்மே ஆற்றுக்குத் துணி துவைக்கப் போயிருந்தாள். சோயின் ஒரு கூடை வளையத்தை எடுத்துக்கொண்டு யமின் முன்னால் போய் உட்கார்ந்தாள். கும்பிட்டுவிட்டுத்தான் உட்கார்ந்தாள். ஒரு வரிசை கட்டினாள், ஒழுங்காக, தப்பில்லாமல். யமின் முதுகைத் திருப்பிக்கொண்டு மறுபக்கம் பார்த்து உட்கார்ந்துவிட்டாள்.

அன்றைக்குச் சாயங்காலம் சோயின் என் வீட்டுக்கு வந்தாள். கொடுத்த தேநீரைக் குடிக்காமல் வைத்துக்கொண்டே இருந்தாள்.

"மூணு வருஷம் ஊட்டினேன்கா. மூத்திரம் அள்ளினேன். ஒரு நாள், ஒரே ஒரு நாள் அந்த மனுஷன் என்னைப் பார்த்துச் சிரிக்கலை. வாய் வராதுன்னு நினைச்சேன். கண்ணாலயாவது சிரிக்கலாம் இல்ல? இப்ப திரும்பி வந்து, அவளைப் பார்த்துச் சிரிக்கிறார்."

"நீ கும்பிடுறே, அவ விளையாடுறா" என்றேன். "கும்பிட்டா யாராவது சிரிப்பாங்களா?"

சோயின் தேநீரை வைத்துவிட்டு எழுந்து போய்விட்டாள்.

ததின்ஜூட் நெருங்கியது. ஓன்மே பெட்டியைக் கட்டினாள், பாயைச் சுருட்டினாள். பெண்ணை விட்டுவிட்டுப் போகிறவள் மாதிரி அவள் ஒன்றும் கட்டவில்லை. யமினின் இரண்டு சட்டையும் அந்தப் பெட்டிக்குள்தான் இருந்தன. லுன்பே அதைப் பார்த்துவிட்டு, "அண்ணி விடமாட்டாங்களே" என்றான். "நீ ஒரு பக்கம் பிடி, உங்க அண்ணி ஒரு பக்கம் பிடிக்கட்டும், நடுவுல உங்க அண்ணன் கிழியட்டும்" என்றாள் ஓன்மே. சொல்லிவிட்டு அழுதாள். அவள் அழுது நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. படகுக்காரன் டோக்யீயிடம் பௌர்ணமிக்கு மறுநாள் காலைக்குச் சொல்லியாகிவிட்டது.

பௌர்ணமி அன்றைக்கு ஊரெல்லாம் பெரியவர்களுக்கு வணக்கம் செலுத்துகிற நாள். சோயின் தலை குளித்து, புது லுங்கி கட்டி, தட்டில் ஒரு தேங்காயும் இரண்டு சீப்பு வாழைப்பழமும் ஒரு துண்டும் இரண்டு கட்டு மெழுகுவத்தியும் வைத்துக்கொண்டு தம்பி வீட்டுக்குள் வந்தாள். மெழுகுவத்தியில் ஒரு கட்டு வெள்ளை, ஒரு கட்டு மஞ்சள். யமின் முன்னால் தட்டை வைத்தாள், மண்டியிட்டாள், முதல் கும்பிடு போட்டாள். ஓன்மே வாசலுக்கும் பெண்ணுக்கும் நடுவில் நின்றாள். நான் மூலையில் இருந்தேன்.

இரண்டாவது கும்பிடுக்குச் சோயின் குனிந்து நிமிர்வதற்குள் யமின் மெழுகுவத்திக் கட்டுகளை அவிழ்த்துவிட்டாள். பலகை இடுக்கில் வைக்க ஆரம்பித்தாள். ஒரு வெள்ளை, ஒரு மஞ்சள், ஒரு வெள்ளை, ஒரு மஞ்சள். சோயின் மூன்றாவது கும்பிடு போடவில்லை. கை குவிந்தபடியே நெஞ்சுக்கு முன்னால் இருந்தது. வரிசை நீள்வதையே பார்த்துக்கொண்டிருந்தாள். திரும்பாமலே பேசினாள்.

"ஓன்மே, அந்த அம்மாடியோவை எப்படிச் சொல்வே?"

"எதுக்கு?"

"எதுக்குன்னு உனக்குத் தெரியாதா? சொல்லிக் குடு."

"உங்களுக்கு வராதுக்கா. உங்களுக்குப் பட்டறைக் குரல். நீங்க சொன்னா, ஏண்டி லேட்டுங்கிற மாதிரி இருக்கும்."

"சொல்லிக் குடுடின்னா, என் குரலுக்கு விலை பேசுறா."

ஓன்மே உட்கார்ந்தாள். ஓரகத்திகள் இருவரும் ஒரே தரையில் பக்கத்தில் உட்கார்ந்ததைப் பார்த்து வெகுநாள் ஆகியிருந்தது. "முதல்ல கும்பிட்ட கையை எடுங்க. கன்னத்துல வைங்க. ரெண்டு கையும். வாயைத் தொறங்க. இன்னும். பல்லு போனது தெரிஞ்சா தெரியட்டும். இப்ப நீங்களும் ஒரு வரிசை கட்டுங்க. தப்பா வைங்க."

"தப்பாவா?"

"தப்பாத்தான்."

சோயின் ஒரு வெள்ளைக்குப் பக்கத்தில் இன்னொரு வெள்ளையை வைத்தாள். வாழ்க்கை முழுக்க, எண்ணிக்கையில் ஒரு வளையம் கூடாமல் குறையாமல் பொட்டலம் கட்டினவள் அவள். யமின் பார்த்தாள், கையை நீட்டினாள், வெள்ளையை எடுத்து மஞ்சளை வைத்தாள்.

"அம்மாடியோ" என்றாள் சோயின். ஆளைக் கூப்பிடுகிற மாதிரி வந்தது. யமின் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"சுருதி கீழ போயிடுச்சு. இழுங்க. அம்... மாடியோ."

இரண்டாவது தடவையும் சரியாக வரவில்லை. மூன்றாவது தடவை ரொம்ப நீண்டுவிட்டது. நாலாவது தடவை ஏதோ ஒரு மாதிரி வந்தது. யமின் மஞ்சளை வைத்த கையை எடுக்காமல் அப்படியே இருந்தாள். சிரிக்கவில்லை, தலையையும் தூக்கவில்லை. முதுகையும் திருப்பவில்லை.

"ஏன் சும்மா இருக்கார்?" என்றாள் சோயின் கிசுகிசுத்து.

"காத்திருக்கா."

"எதுக்கு?"

"நீங்க அடுத்த தப்புப் பண்றதுக்கு."

சோயின் ஒரு மஞ்சளை எடுத்து மஞ்சளுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

சாயங்காலம் டோக்யீ வந்து வாசலில் நின்று, "நாளைக்கு எத்தனை மணிக்கு? எத்தனை மூட்டை?" என்று கேட்டான். லுன்பே என்னைப் பார்த்தான், நான் ஓன்மேயைப் பார்த்தேன். உள்ளேயிருந்து சோயினின் குரல் வந்தது. அவள் இன்னும் தரையில்தான் இருந்தாள், முழங்காலைப் பிடித்துக்கொண்டு.

"மூட்டையும் இல்ல, ஒண்ணும் இல்ல. போய்ப் பண்டிகையைக் கொண்டாடு. ஏய் லுன்பே, அந்தப் பாயை அவிழ்த்து விரி. எனக்கு முதுகு ஒடியுது."

யமின் அன்றைக்குச் சோயினைப் பார்த்துச் சிரிக்கவில்லை. தை மாதம் வரைக்கும் சிரிக்கவில்லை. தையில் ஒரு நாள் சிரித்தாள். சோயின் வளவு முழுக்க ஓடி, பட்டறையில் இருந்த ஒவ்வொருத்தியிடமும் போய்ச் சொன்னாள். விரத நாளில் கும்பிடுவதை அவள் இன்றுவரை விடவில்லை. வந்தவர் தன் புருஷன்தான் என்பதையும் விடவில்லை. ஓன்மே அதில் வாதாடப் போனதில்லை. கும்பிட்டு முடிந்ததும் இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்துவிடுவார்கள்.

யமினுக்கு இப்போது பத்து வயசு. முப்பது வார்த்தைபோலப் பேசுவாள். பசி, தண்ணீர், வேண்டாம், நீலம் என்று. பக்கத்துப் பிள்ளைகள் மூன்று பேர் வந்து போகிறார்கள். அவர்களோடு ஓடி விளையாட மாட்டாள். அவர்கள் கட்டுகிற வரிசையைக் கலைப்பாள், அவர்கள் இவளுடையதைக் கலைப்பார்கள், கத்துவாள், மறுபடி உட்காருவாள். டாக்டரம்மா அதுவே பெரிய விஷயம் என்கிறாள். ஓன்மே இன்னும் பட்டறையில் குழாய் உரிக்கிறாள். கடைசியாக நான் போயிருந்தபோது, சோயின் அம்மாடியோ சொல்கிற விதத்தைச் சோயினுக்கு முன்னாலேயே செய்து காட்டிக்கொண்டிருந்தாள். சோயின் கையில் கிடைத்த குச்சியை எடுத்து அவள் மேல் எறிந்தாள்.